பிராட்ஹெட் மாட்டினால் அம்பு சிதறுகிறது: சமநிலையை எங்கிருந்து சரிபார்ப்பது?

கேள்வி: பச்சைநாண்

வணக்கம். வேட்டை அம்பின் சமநிலை பற்றி விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

அமைப்பு இது: காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த வில்), இழுவிசை 60 பவுண்டு, இழுநீளம் 28 அங்குலம், ரிலீஸ் (நாணை விடும் கைக்கருவி) வைத்து எய்வது. 400 ஸ்பைன் (விறைப்பு எண்) கார்பன் தண்டு, வெட்டிய நீளம் 27.5 அங்குலம், அங்குலத்துக்கு 9 கிரெய்ன் (எடை அளவு, சுமார் 15 கிரெய்ன் ஒரு கிராம்). அலுமினிய இன்சர்ட் (முனையைத் திருக தண்டுக்குள் ஒட்டுவது) 15 கிரெய்ன். பின்னால் 2 அங்குல வேன் (பிளாஸ்டிக் இறகு) மூன்று, ஒளிரும் நாக் (நாணில் மாட்டும் வால் துண்டு) ஒன்று. முனை 100 கிரெய்ன்.

ஃபீல்ட் பாயிண்ட் (பிளேடில்லாத பயிற்சி முனை) போட்டால் 30 கஜத்தில் எல்லா அம்பும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகிறது. அதே 100 கிரெய்னில் மூன்று பிளேடு பிராட்ஹெட் (வேட்டை முனை) மாட்டினால் மொத்தத்தில் இடப்பக்கம் போகிறது, அதற்குள்ளும் ஒன்றோடொன்று சேராமல் சிதறுகிறது. முன்பக்கம் எடை ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். எவ்வளவு ஏற்றுவது? சமநிலைப் புள்ளியை அளக்கும்போது முனையின் நீளத்தையும் சேர்க்க வேண்டுமா? எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில் 1: தராசுமுள்

முன்பாரம் (எஃப்ஓசி), அதாவது சமநிலைப் புள்ளி அம்பின் நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்ற கணக்கை முதலில் முடித்துவிடுவோம்.

அம்பு எய்யப்போகும் நிலையில் முழுதாக இருக்க வேண்டும்: பிராட்ஹெட், வேன், நாக் எல்லாம் மாட்டியபடி. அதை ஒரு ஸ்கேலின் விளிம்பில் குறுக்காக வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நாண் உட்காரும் பள்ளத்தின் அடியிலிருந்து அந்தக் கோடு வரை ஒரு அளவு. அதே பள்ளத்திலிருந்து தண்டு முடியும் இடம் வரை இன்னொரு அளவு. முனையின் எடை கணக்கில் உண்டு, நீளம் கிடையாது. முதல் அளவிலிருந்து இரண்டாவது அளவின் பாதியைக் கழித்து, வந்ததை முழு நீளத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும்.

உங்கள் அம்பையே எடுத்துக்கொள்வோம். தண்டு 247, இன்சர்ட் 15, முனை 100, வேன் மூன்றும் சேர்த்து 18, ஒளிரும் நாக் 25 என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 405 கிரெய்ன். பள்ளத்திலிருந்து தண்டு முனை வரை 28 அங்குலம் வரும். சமநிலைப் புள்ளி 16.8 அங்குலத்தை ஒட்டி விழும். அப்படியானால் முன்பாரம் 10 சதவீதம். பிராட்ஹெட்டின் ஒன்றேகால் அங்குலத்தையும் நீளத்தில் சேர்த்திருந்தால் இதே அம்புக்கு 7.5 என்று வந்திருக்கும். இரண்டு பேர் தங்கள் அளவை ஒப்பிட்டுக் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து அந்த ஒளிரும் நாக். சாதாரண நாக் 8 கிரெய்ன்தான். அதைப் போட்டால் இதே அம்பு 12.7 சதவீதத்தில் நிற்கும். வெறும் 17 கிரெய்ன் இரண்டரை சதவீதத்துக்கு மேல் தின்றுவிடுகிறது. வால் நுனி சமநிலைப் புள்ளியிலிருந்து பதினேழு அங்குலத்துக்கு மேல் தள்ளி இருக்கிறது, முனையோ பதினொரு அங்குலத்துக்குள். அதனால் வாலில் ஏறிய 17 கிரெய்னை ஈடுகட்ட முன்னால் 27 கிரெய்ன் தேவைப்படும். பின்பாரம் குறைப்பது எப்போதும் மலிவான வழி.

ஒளிரும் நாக் வேண்டும் என்றால் 125 கிரெய்ன் முனைக்கு மாறுங்கள், 12.5 வரும். முனையை 100-இலேயே வைத்து 75 கிரெய்ன் பித்தளை இன்சர்ட் போட்டால் 15 வரும். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 வரை என்பது பொதுவான வழக்கு. நிலையான (மடங்காத) பிளேடு முனை என்றால் 12-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

காரணம் இதுதான். பறக்கும்போது அம்பு தன் எடைமையத்தைச் சுற்றித்தான் திரும்பும். காற்றின் அழுத்தமையம் எடைமையத்துக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு விரைவாக வால் நேர்கோட்டுக்குத் திரும்பும். பிராட்ஹெட்டின் பிளேடுகள் முன்பக்கத்தில் இறக்கை போல வேலை செய்து அந்த அழுத்தமையத்தை முன்னோக்கி இழுக்கின்றன. ஃபீல்ட் பாயிண்டில் தெரியாத கோணல் பிராட்ஹெட்டில் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

பதில் 2: நாணேற்றி

கணக்கு சரி. ஆனால் இவருடைய அம்புக்கு இப்போது எடை ஏற்றச் சொல்ல மாட்டேன். கேள்வியில் இரண்டு வெவ்வேறு கோளாறு இருக்கிறது. எல்லா அம்பும் ஒரே பக்கம் விலகினால் அது வில்லின் டியூனிங் (ஒழுங்கமைப்பு). அம்புக்கு அம்பு வேறு இடத்தில் விழுந்தால், எய்பவர் கை ஒரே மாதிரி இருக்கும் பட்சத்தில், அம்புகள் ஒன்றுபோல் இல்லை என்று அர்த்தம். ஃபீல்ட் பாயிண்டில் நெருக்கமாக விழுகிறது என்பதால் கையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சிதறலை முதலில் தீர்க்காமல், வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்டைத் தொட்டால் எந்த அம்பை நம்பி நகர்த்துவது என்றே தெரியாது.

சிதறலுக்கு முதல் காரணம், முனை தண்டின் அச்சில் உட்காராதது. சோதிப்பது எளிது. இரண்டு ஜோடி உருளைகள் கொண்ட ஸ்பின்னர் ஒன்றில் அம்பை வைத்து, பிராட்ஹெட்டின் கூர்முனைக்கு எதிரே ஒரு வெள்ளை அட்டையில் புள்ளி வைத்து நிறுத்துங்கள். தண்டை விரலால் சுழற்றுங்கள். நல்ல அம்பில் கூர்முனை புள்ளியிலேயே நிற்கும். கோணலான அம்பில் முனை புள்ளியைச் சுற்றிச் சின்ன வட்டம் போடும். அரை மில்லிமீட்டர் வட்டம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், அந்த அம்பு வேட்டைக்கு ஆகாது. பிராட்ஹெட்டோடு உள்ளங்கையில் வைத்துச் சுழற்றாதீர்கள், சதை கிழிந்துவிடும்.

வட்டம் போட்டால் பிராட்ஹெட்டைக் கழற்றி, நன்றாகச் சுழலும் வேறொரு அம்பில் மாட்டிப் பாருங்கள். ஆட்டம் கூடவே வந்தால் முனைதான் கோணல், தூக்கிப் போடுங்கள். வராவிட்டால் கோளாறு இன்சர்ட்டிலோ தண்டின் வெட்டிலோ இருக்கிறது.

தண்டின் வெட்டு முகம் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் இன்சர்ட்டின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் உட்காரும். இதைச் சரிசெய்ய, தண்டின் வெட்டு முகம் முழுக்க கறுப்பு மார்க்கரைத் தடவுங்கள். உப்புத்தாள் பதித்த ஸ்கொயரிங் கருவியில் தண்டை லேசாக அழுத்திச் சுழற்றுங்கள். உயர்ந்த இடத்தில் மை உரிந்து பளபளக்கும், தாழ்ந்த இடத்தில் மை அப்படியே இருக்கும். சுற்றிலும் மை போகும்வரை தேய்த்தால் முகம் சமமாகிவிட்டது. இன்சர்ட் ஒட்டி உலர்ந்த பிறகு அதன் முகத்துக்கும் இதையே செய்யுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்குக் கேடு, முகமூடி போடாமல் தேய்க்க வேண்டாம். தண்டை வெட்டும்போது அதிவேக உராய்வுச் சக்கரம்தான் வேண்டும். குழாய் வெட்டும் கருவி கார்பன் இழையை நசுக்கிப் பிளந்துவிடும்.

ஒட்டும்போது தண்டின் உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, காயவிட்டு, எபாக்சி தடவிய இன்சர்ட்டைத் திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். திருகாமல் நேராகத் தள்ளினால் பசை ஒரு பக்கமாக ஒதுங்கி இன்சர்ட் சாய்ந்து நிற்கும். முனை தரையைப் பார்க்க நிறுத்தி உலரவிடுங்கள். முனை மேலே இருக்க நிறுத்தினால் பசை தண்டுக்குள் வழிந்து, அம்புக்கு அம்பு எடை மாறும்.

தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பெட்டியில் 0.001, 0.003, 0.006 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். வேட்டைக்கு 0.003 போதும். பொதுவாகத் தண்டின் நுனிகளில்தான் கோணல் அதிகம் இருக்கும். வெட்ட நீளம் மிச்சம் இருந்தால் இரு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். ஒரு பக்கத்திலிருந்தே மொத்தத்தையும் எடுத்தால் மறுநுனியின் கோணல் அப்படியே தங்கிவிடும்.

பச்சைநாண்

மிக்க நன்றி நாணேற்றி, தராசுமுள். சுழற்றிப் பார்த்ததில் சில அம்புகளின் முனை தெளிவாக வட்டம் போடுகிறது. அவற்றை ஒதுக்கிவிட்டு எய்தால் மிச்ச அம்புகள் சேர்ந்தே விழுகின்றன. ஆனால் ஃபீல்ட் பாயிண்ட் விழும் இடத்துக்கு நான்கு அங்குலம் இடப்பக்கம். இனி ரெஸ்டை நகர்த்தலாமா? பித்தளை இன்சர்ட் போட்டால் 400 ஸ்பைன் தாங்குமா?

பதில் 3: நாணேற்றி

நகர்த்தலாம், ஆனால் அதற்கு முன் ஒன்று. வேன் ரெஸ்டிலோ கேபிளிலோ உரசுகிறதா என்று பாருங்கள். வேன்களின் விளிம்பில் லிப்ஸ்டிக் தடவி ஒரு அம்பு எய்தால், பட்ட இடத்தில் சாயம் ஒட்டியிருக்கும். உரசல் இருந்தால் நாக் சற்றே திருப்பி வேன்களின் நிலையை மாற்றுங்கள். டிராப் ரெஸ்ட் (எய்ததும் கீழே விழும் தாங்கி) என்றால் அது விழும் நேரத்தைச் சரிசெய்யுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து வில்லைத் திருகுவதும் இதே மாதிரி பக்கவாட்டு விலகலைத் தரும். பெருவிரல் பக்கத்துச் சதைமேட்டில் மட்டும் வில் உட்கார வேண்டும், விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும்.

பிறகு ரெஸ்ட். பிராட்ஹெட் விழும் இடத்தை ஃபீல்ட் பாயிண்ட் விழும் இடத்தை நோக்கித் தள்ளுவதுதான் விதி. பிராட்ஹெட் இடப்பக்கம் விழுந்தால் ரெஸ்டை வலப்பக்கம், கீழே விழுந்தால் ரெஸ்டை மேலே. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. நகர்த்தும்போது ஃபீல்ட் பாயிண்டும் கூடவே நகரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை குறிபார்க்கும் சைட்டைத் தொடக் கூடாது. சேர்ந்த பிறகு சைட்டை நகர்த்தி மையத்துக்குக் கொண்டுவாருங்கள். சைட்டை முதலில் திருப்பினால் கோளாறு மறையுமே தவிர தீராது. 30 கஜத்தில் சரியாக இருப்பது 40-இல் மறுபடி பிரியும்.

ஸ்பைன் கேள்விக்கு: தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 400 என்ற எண், 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால் 0.400 அங்குலம் வளையும் என்பதைக் குறிக்கிறது. எண் பெரிதானால் தண்டு மென்மை. இது நிற்கும் தண்டின் வளைவு. நாண் தள்ளும்போது முன்னால் எடை கூடக் கூட அதே தண்டு இன்னும் அதிகமாக வளையும். 100 கிரெய்ன் முனைக்குப் பொருந்தும் 400 தண்டில் மேலும் 60 கிரெய்ன் ஏற்றினால் அது மென்மையாகிவிடும். 350 அல்லது 340 தண்டுக்குப் போக வேண்டும், தயாரிப்பாளரின் அட்டவணையில் முனையின் எடையோடு இன்சர்ட்டின் கூடுதல் எடையையும் சேர்த்துப் பாருங்கள். தண்டைச் சுருக்கினாலும் விறைப்பு கூடும். ஆனால் முழுசாக இழுத்த நிலையில் தண்டின் நுனி ரெஸ்டுக்கு முன்னால் குறைந்தது ஓர் அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிளேடு விரல் பக்கம் வரும் அளவுக்கு யாரும் சுருக்க வேண்டாம்.

மொத்த எடையும் மறக்கக் கூடாது. இழுவிசையின் ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் கீழே போனால் வில்லின் கிளைகளுக்கே ஆபத்து. உங்கள் 405 கிரெய்ன் அம்பு 6.75-இல் இருக்கிறது, வேட்டைக்கு நல்ல இடம்தான்.

பதில் 4: வேன்ஒட்டி

ஒதுக்கிய அம்புகளை வீணாக்க வேண்டாம். முகத்தைச் சமப்படுத்திய பிறகும் ஒன்றிரண்டு அம்பு மட்டும் தனியே விலகினால் நாக் திருப்பிப் பாருங்கள். கார்பன் தண்டு சுற்றிலும் ஒரே விறைப்பாக இருக்காது, ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக விறைத்திருக்கும். அந்தப் பக்கம் அம்புக்கு அம்பு வேறு திசையில் இருந்தால் வளைவும் வேறுபடும்.

வேன் ஒட்டாத தண்டில் இதைச் செய்வது சிறந்தது. வேன்களின் எடைக்கு ஈடாக, சுமார் 18 கிரெய்ன், அதாவது 1.2 கிராம் டேப்பை வேன் வரும் இடத்தில் தட்டையாகச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் முன்பாரமும் ஸ்பைனும் மாறி, சோதனையே தவறாகிவிடும். ஃபீல்ட் பாயிண்ட் போட்டு பத்துப் பன்னிரண்டு கஜத்திலிருந்து எய்து, இலக்கில் குத்திய தண்டு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். சாய்ந்தால் நாக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி. நேராகக் குத்தும் நிலை வந்ததும் தண்டில் மேல்பக்கத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்படி வேன் ஒட்டுங்கள். எப்படித் திருப்பினாலும் நேராகாத தண்டு பயிற்சிக்கு மட்டும்.

தண்டின் இரு நுனியையும் அடைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கனமான பக்கம் கீழே வருவதை வைத்துக் குறிப்பவர்களும் உண்டு. அது காட்டுவது எடை எந்தப் பக்கம் கூடுதல் என்பதை. விறைப்பான பக்கமும் அதுவாகவே இருக்கும் என்று நம்பிவிட முடியாது. எய்து பார்ப்பதற்கு ஈடு இல்லை.

இனி வேன். நிலையான பிளேடு முனைக்கு வேன் நேராக ஒட்டினால் போதாது. 2 அல்லது 3 டிகிரி சாய்வு கொடுங்கள், அல்லது வேனைச் சுருளாக ஒட்ட உதவும் ஹெலிக்கல் கிளாம்ப் பயன்படுத்துங்கள். அம்பு விரைவாகச் சுழல ஆரம்பித்தால், மிச்சமிருக்கும் சின்னக் கோணல் ஒரே திசையில் இழுக்காமல் சுற்றிலும் பரவி அடிபட்டுப் போகும். இதற்காகக் கொஞ்சம் வேகம் போனாலும் பரவாயில்லை. எல்லா அம்பும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிளேடும் வேனும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்று இன்சர்ட்டைத் திருகிக்கொண்டிருப்பது தேவையில்லாத வேலை. முனை அச்சில் இருந்தால் பிளேடு எந்தக் கோணத்தில் நின்றாலும் அம்பு நேராகப் போகும்.

கடைசியாக எடை பார்த்துப் பிரித்தல். 400 கிரெய்ன் அம்பில் 5 கிரெய்ன் கூடுதலாக இருந்தால் 30 கஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம் கீழே விழும், அவ்வளவுதான். 2 கிரெய்னுக்குள் சேர்த்தால் தாராளம். சமநிலைப் புள்ளி எல்லா அம்பிலும் மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். மொத்த எடை ஒன்றாக இருந்து சமநிலைப் புள்ளி மட்டும் தள்ளியிருந்தால், உள்ளே பசை வழிந்திருக்கிறது அல்லது வேன் அடியில் பழைய பசை தடித்திருக்கிறது.

பதில் 5: மூங்கில்தண்டு

ரிக்கர்வ், லாங்போ போன்ற கப்பியில்லாத வில் எய்பவர்களும் இந்தத் திரியைப் படிப்பார்கள் என்பதால் ஒரு சேர்க்கை. விரலால் நாணை விடும்போது அம்பு பக்கவாட்டில் வளைந்து வில்லின் உடலைச் சுற்றிக்கொண்டு போகும், அதனால் இங்கே ஸ்பைன் பொருத்தம் காம்பவுண்ட் வில்லைவிட முக்கியம். வேன் இல்லாத தண்டையும் இறகு ஒட்டிய அம்பையும் சேர்த்து எய்து ஒப்பிடுங்கள். வலக்கைக்காரருக்கு, இறகில்லாத தண்டு வலப்பக்கம் விழுந்தால் மென்மை: முனையின் எடையைக் குறையுங்கள், அல்லது தண்டைக் கால் அங்குலமாகச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு: கனமான முனை போடுங்கள். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். மேல் கீழ் விலகலை முதலில் தீர்க்க வேண்டும். இறகில்லாத தண்டு மேலே விழுந்தால் நாணில் அம்பு பொருந்தும் இடத்தை உயர்த்துங்கள், கீழே விழுந்தால் தாழ்த்துங்கள்.

மரத்தண்டில் நாக் பள்ளம் மரத்தின் வளையக் கோடுகளுக்குக் குறுக்காக வர வேண்டும், அப்போதுதான் விறைப்பான பக்கம் வில்லை ஒட்டி நிற்கும். இதை மாற்றி வெட்டினால் ஒரே கட்டுத் தண்டுகள்கூட வேறுவேறு ஸ்பைன் போல நடந்துகொள்ளும். பின்பக்கம் கடைசி 9, 10 அங்குலத்தை 23/64-இலிருந்து 5/16 அங்குல விட்டத்துக்குச் சீவினால் வால் இலகுவாகி, முன்னால் எதுவும் சேர்க்காமலே முன்பாரம் ஏறும். இறகு பிளாஸ்டிக் வேனைவிட இலகு என்பதும் அதே பக்கம் உதவும். ஒரே அம்பில் இடது சிறகின் இறகையும் வலது சிறகின் இறகையும் கலக்காதீர்கள், சுழற்சி ஒன்றையொன்று எதிர்த்து அம்பு தள்ளாடும்.

கார்பனோ மரமோ, ஒவ்வொரு எய்தலுக்கும் முன் தண்டின் இரு நுனியைப் பிடித்து லேசாக வளைத்து, சுற்றிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, காதருகே வைத்து நெறிசத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பிராட்ஹெட் கழற்றியிருக்கும்போது செய்யுங்கள், அல்லது முனையை விலக்கிப் பிடியுங்கள். விரிசல் விட்ட கார்பன் தண்டு நாண் தள்ளும் வேகத்தில் சிதறி, வில் பிடித்த கையில் ஏறும்.

பச்சைநாண்

எல்லோருக்கும் நன்றி. முகத்தைச் சமப்படுத்தி, சாதாரண நாக் போட்டு, ரெஸ்டை நகர்த்துவதிலிருந்து தொடங்குகிறேன். பித்தளை இன்சர்ட்டை 340 தண்டு வாங்கும்போது பார்த்துக்கொள்கிறேன். தராசுமுள், 125 முனையோடு இந்த 400 தண்டு தாக்குப்பிடிக்குமா?

பதில் 6: தராசுமுள்

விளிம்பில் நிற்கும். 60 பவுண்டில் 27.5 அங்குலத் தண்டுக்கு 25 கிரெய்ன் கூடுதல் என்பது, வில்லின் கேம் (கப்பி) கடுமையானதாக இருந்தால் மென்மையாகத் தெரியும், இதமான கேம் என்றால் பிரச்சினை வராது. வாங்குவதற்கு முன் 125 ஃபீல்ட் பாயிண்டை மாட்டி, வேன்ஒட்டி சொன்னபடி டேப் சுற்றிய இறகில்லாத தண்டை எய்து பாருங்கள். நேராகக் குத்தினால் அந்த முனையையே வைத்துக்கொள்ளலாம். சாய்ந்து குத்தி, ரெஸ்டை நகர்த்தியும் தீராவிட்டால் இழுவிசையை இரண்டு மூன்று பவுண்டு தளர்த்திப் பாருங்கள், இரண்டு கிளைப் போல்ட்டையும் சம அளவில். அப்போது நேரானால் தண்டு மென்மை என்று உறுதி. இப்போதைக்கு 100 முனையும் 8 கிரெய்ன் நாக்கும் தரும் 12.7 சதவீதமே நிலையான பிளேடுக்குப் போதுமானது.